இரண்டாம் வரிசை, முதல் கட்டம்

12.6.2025, வியாழன்

இன்று இரண்டு அஸ்திக் கலயங்களை எடுத்துக் கொடுத்தேன். ஒன்று அன்னவாசல் பக்கத்து வாத்தியாருடையது. மற்றது பஸ் ஸ்டாண்டில் பூ கட்டிய அம்மாவுடையது. வெயில் கடுமை. தகன மேடைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரம்கூட அசையவில்லை.

நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. தேதியையும் அதுவே போடுகிறது. வேறொரு இடத்தில் தொட்டால் திருப்பி வாசித்தும் காட்டுகிறது. வீட்டில் பேசுவதுபோல் பேசினால் தடுமாறுகிறது, ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போல் சொன்னால் பிடித்துக்கொள்கிறது. அறுபது வருடம் ரேடியோ கேட்ட காது, வாய்க்கு உதவுகிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது இந்தப் போனுக்கு மட்டும் தெரியும். அடைக்கலம் என்று என் பெயரைக் கோலம் போடுவதுபோல் போடப் பழகியிருக்கிறேன். இந்த மயானத்தை நடத்தும் அறக்கட்டளையில் காவலாளியாக இருந்தவனை அஸ்தி அறைக்கு மாற்றியபோது மேனேஜர் ரகுநாத் கேட்டார்: "பெரியவரே, எழுதப் படிக்க வரும்ல?" "வரும்" என்றேன். அது 2019, மார்கழி, செவ்வாய்க்கிழமை. அவர் நீலக்கோடு போட்ட சட்டை அணிந்திருந்தார்.

அதன்பின் ஒரு தப்பும் நடந்ததில்லை. உலையிலிருந்து வரும் கலயத்தை அலமாரியில் வைப்பதும் நானே, எடுப்பதும் நானே. யார் யாருடையது என்று மறக்க மாட்டேன். அலமாரியில் ஒரு வரிசைக்கு நான்கு அறை, மூன்று வரிசை. ஒவ்வொரு அறையின் விளிம்பிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும். எனக்கு அது வெறும் வெள்ளைத் தாள்.

இரண்டு வருடமாகக் கம்ப்யூட்டரும் துணைக்கு உண்டு. உலை பார்க்கும் சேவுகனின் மகள் தேவிப்ரியா எழுதிய புரோகிராம். திரையிலும் அலமாரி போலவே நான்கு நான்காகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கலயம் போனாலும் காலிக் கட்டம் அங்கேயே நிற்கும். சொந்தக்காரர்கள் வந்ததும் மேனேஜர் அந்தப் பெயரைத் தட்டுவார், அந்தக் கட்டம் மஞ்சளாகும். எந்த இடத்தில் மஞ்சளோ அந்த இடத்துக் கலயத்தை எடுப்பேன். என் ஞாபகமும் திரையும் ஒருநாளும் மாறுபட்டதில்லை. அந்தப் பிள்ளை எனக்காகவே யோசித்து அப்படிச் செய்திருக்கிறாள். அவளுக்கு அடுத்த மாதம் ஆபீஸில் நிரந்தர வேலை போடப்போவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

15.6.2025, ஞாயிறு

நாளை இடது கண்ணில் ஆபரேஷன். ஐந்து நாள் லீவு. சேவுகனிடம் அலமாரியை ஒப்படைத்தேன். "போய்ட்டு வாங்கண்ணே, ஒங்க சாம்ராச்சியம் எங்கயும் ஓடிப்போயிறாது" என்றான்.

21.6.2025, சனி

வேலைக்குத் திரும்பினேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன். அழுதுகொண்டு வந்த ஒருவர் என்னைப் பார்த்து ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்.

நான் இல்லாத நாளில் ஆறு கலயங்கள் சேர்ந்திருக்கின்றன. முதல் வரிசை நிறைந்து, இரண்டாம் வரிசையில் இரண்டு. முதல் வரிசை நான்கும் இன்றே போய்விட்டன. நான்கும் திரையைப் பார்த்து எடுத்ததுதான்.

ஆபீஸில் பழைய சின்னத் திரை செத்துப்போனதாம். யாரோ தானமாகக் கொடுத்த அகலத் திரை வந்திருக்கிறது. வியாழக்கிழமை தேவிப்ரியா வந்து மாட்டிவிட்டுப் போனாளாம். பளிச்சென்று இருக்கிறது.

22.6.2025, ஞாயிறு

திருமயம் பக்கத்துச் செட்டியார் ஒருவர், நாச்சியப்பன், எண்பத்தாறு வயது. அவர் மகன் ராம் சென்னையிலிருந்து வந்தார். அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்வரை நான்கு நாள் கலயத்தை இங்கேயே வைத்திருந்தார்கள். இருவரும் இராமேஸ்வரம் போகிறார்கள். மேனேஜர் தட்டினார். இரண்டாம் வரிசை, முதல் கட்டம் மஞ்சளானது. இரண்டாம் வரிசை முதல் அறையிலிருந்து எடுத்து, சிவப்புத் துணி சுற்றிக் கொடுத்தேன். ராம் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். பாதி ஆட்கள் செருப்போடுதான் வாங்குவார்கள்.

அறையிலிருந்த சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

27.6.2025, வெள்ளி

நிதானமாகச் சொல்ல வேண்டும். போன் தப்பாக எழுதிவிடக் கூடாது.

காலையில் டீ குடிக்கும்போது சேவுகன் சொன்னான். கறம்பக்குடிப் பக்கத்து விவசாயி கண்ணுசாமி என்பவருக்குத் தொடையில் தகடு வைத்திருந்ததாம். ஒன்பது வருடம் முன்பு டிராக்டர் கவிழ்ந்தது. எரிந்தபின் தகடு மிஞ்சியது. வழக்கமாக இந்த இரும்பையெல்லாம் ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு வைப்போம். ஆனால் அவர் மனைவி முத்துமாரியம்மாள் கேட்டாராம்: "ஒம்பது வருசம் அவரு கூடவே நடந்த இரும்பு. அதையும் உள்ள போடுப்பா." சேவுகன் போட்டுவிட்டான். மகன் அஜித் சிங்கப்பூரிலிருந்து வந்துதான் கரைக்க வேண்டும், அதுவரை கலயம் இங்கே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அலமாரியில் இருப்பது ஒரே கலயம். இரண்டாம் வரிசை, இரண்டாம் அறை. தூசி தட்ட அதைத் தூக்கினேன். அசைத்தேன்.

சத்தம் வரவில்லை.

மூடியைத் திறந்து கையை விட்டேன். சாம்பல், எலும்பு. வேறொன்றுமில்லை.

ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையில் விரலை வைத்து எண்ணினேன். முதல் வரிசையில் ஐந்து கட்டம். மறுபடி எண்ணினேன். ஐந்து.

ஐந்து இருந்ததைச் சனிக்கிழமையே என் கண் பார்த்திருக்கும். மனசு எண்ணவில்லை. முதல் நான்கு கலயங்களும் சரியாகப் போனதால் சந்தேகம் வரவில்லை. அலமாரியில் ஐந்தாவது கலயம் இரண்டாம் வரிசையின் முதல் அறையில் இருந்தது, அது கண்ணுசாமி. திரையில் அதே இடத்துக்கு ஆறாவது ஆள் வந்துவிட்டார், அது நாச்சியப்பன்.

கண்ணுசாமியை இராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டார்கள். இங்கே இருப்பது செட்டியார்.

28.6.2025, சனி

சீட்டு. அறை விளிம்பில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. படிக்கத் தெரிந்தவன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

30.6.2025, திங்கள்

மேனேஜர் அறை வாசலில் மூன்று முறை போய் நின்றேன். மூன்றாம் முறை அவரே கேட்டார், "என்ன பெரியவரே, கண்ணு உறுத்துதா?" ஆமாம் என்றேன்.

சொன்னால் முதல் கேள்வி என்ன வரும்? "சீட்டைப் படிக்கலையா?" அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறேன்? ஆறு வருடப் பொய்யை எந்த நுனியில் பிடித்து இழுப்பது?

முத்துமாரியம்மாளிடம் சொன்னால், அவர் கேட்பது அதைவிடப் பெரிய கேள்வி.

3.7.2025, வியாழன்

இதைப் போனிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

பெயின்ட் டப்பாவிலிருந்து ஒரு தகடு எடுத்தேன். ஒரு சாண் இருக்கும், ஓட்டை ஓட்டையாக. யாருடையதோ. தொடையில் வைத்தது இவ்வளவுதான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கலயத்துக்குள் போட்டு அசைத்துப் பார்த்தேன். சத்தம் வந்தது. அலமாரியில் மிஞ்சியிருந்த, செட்டியார் பெயர் போட்ட சீட்டையும் கிழித்து வாயில் போட்டு மென்றேன். பைத்தியம் பிடித்தவன் செய்கிற காரியம். குப்பைக் கூடை பக்கத்திலேயே இருந்தது.

6.7.2025, ஞாயிறு

வந்தார்கள். முத்துமாரியம்மாள், மகள் செல்வராணி, மகன் அஜித். அஜித் அப்படியே விமானத்திலிருந்து இறங்கி வந்தவன்போல் இருந்தான். கால் வீங்கியிருந்தது.

சேவுகன் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். கலயத்தைத் துணி சுற்றி நீட்டினேன். அந்த அம்மா கேட்டார்: "அண்ணே, அந்த இரும்பு உள்ள இருக்கா?"

"இருக்கு தாயி."

காதோரம் வைத்து மெதுவாக அசைத்தார். சத்தம் கேட்டது. அவருக்கு முகம் தெளிந்தது. "நடக்கறப்ப முட்டிக்கு மேல வலிக்கிதும்பாரு. இனிமே வலி இல்ல" என்றார். எனக்குக் கும்பிடு போட்டார்.

எனக்கு.

திருவையாறு போகிறார்களாம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

7.7.2025, திங்கள்

கலயம் திரும்பி வந்துவிட்டது.

படித்துறையில் கொட்டுவதற்கு முன் அந்த அம்மா தகட்டை மட்டும் தனியாக எடுத்துத் தலையில் ஒற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார். எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அவர்கள் வீட்டு ஜன்னலில் ஒன்பது வருடமாக அந்த எக்ஸ்ரே தொங்குகிறது. வெளிச்சம் மறைக்க மாட்டியது. தினமும் பார்த்த படம்.

மேனேஜரின் மேசையில் தகட்டை வைத்துவிட்டு முத்துமாரியம்மாள் சொன்னார்: "எட்டு ஓட்ட இருக்கணும். இதுல அஞ்சுதான். இது யாரு இரும்பு? இது யாரு சாம்ப?"

அஜித் மேசையைத் தட்டினான். "லீவு கெடைக்காம மொதலாளி கால்ல விழுந்து வந்திருக்கேன் சார். எங்கப்பன் எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

சேவுகனைக் கூப்பிட்டார்கள். "நான் போட்டது எட்டு ஓட்டத் தகடு சார், இந்தக் கையால போட்டேன்" என்றான். "அப்ப இது எப்பிடி வந்துச்சு? டப்பா ஒங்கிட்டதான இருக்கு?" என்றார் மேனேஜர். சேவுகன் என்னைப் பார்த்தான், உதவிக்கு. நான் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தேன்.

மேனேஜர் ஏட்டைப் புரட்டி, அந்த வாரம் அடுத்த அறையில் இருந்த நாச்சியப்பனோடுதான் மாறியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டார்.

8.7.2025, செவ்வாய்

தேவிப்ரியா வந்தாள். ஒரு மணி நேரம் திரையைப் பார்த்தாள். பெயர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எதற்கு எது என்பதும் சரி என்றாள். மேனேஜர் நம்பவில்லை. "பழைய ஸ்கிரீன்ல ரெண்டு வருசம் ஒழுங்கா ஓடுச்சு. நீ புதுசு மாட்டுன வாரமே மாறியிருக்கு. என்னமோ பண்ணியிருக்க." போன் பேச வெளியே போனார்.

நானும் அவளும் மட்டும்.

"முன்ன நாலு நாலாத்தான் இருந்துச்சு" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

திரும்பிப் பார்த்தாள். பிறகு மவுஸால் திரையில் கட்டங்கள் இருந்த சட்டத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஐந்தாவது கட்டம் விளிம்பில் முட்டி, கீழ் வரிசைக்கு விழுந்தது. மற்றவை அதன்பின் நகர்ந்தன. நான்கு நான்கு. இன்னும் இழுத்தாள், மூன்று மூன்று. வெளியே தள்ளினாள், மறுபடி ஐந்து. கூடையில் உருளும் எலுமிச்சைபோல் கட்டங்கள் ஓடி ஓடி அடங்கின.

"தாத்தா, ஒவ்வொரு கட்டத்தையும் 'நீ இந்த வரிசை, இந்த எடம்'னு ஆணி அடிச்சும் வைக்கலாம். இல்லன்னா 'வரிசையா வந்துக்கிட்டே இருங்க, எடம் தீந்தா கீழ எறங்கிக்கங்க'ன்னு விட்டுறலாம். நான் அப்பிடித்தான் விட்டேன். அது ஈசி."

"அப்ப நாலு?"

"நாலுன்னு நான் எங்கயும் எழுதல. பழைய ஸ்கிரீன் அகலம் அம்புட்டுத்தான். தானா நாலு வந்துச்சு."

இரண்டு வருடம். எனக்காகச் செய்தாள் என்று ஒவ்வொரு நாளும் மனசுக்குள் அவளை வாழ்த்தியிருக்கிறேன்.

"எத்தன வரிசையா இருந்தா என்ன தாத்தா? கட்டத்துல பேரு இருக்கு, அலமாரியில பேரு இருக்கு. பேரத்தான பாப்பீங்க?"

"கண்ணு சரியில்லாம..." என்றேன்.

அவள் என் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "இது என்னன்னு படிங்க" என்றாள்.

தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் அதைத் திருப்பி எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் உள்ளே வந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

10.7.2025, வியாழன்

தேவிப்ரியாவுக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சேவுகனை உலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இரும்பு டப்பா அவன் பொறுப்பு, தப்பை மறைக்க வேறு தகட்டை அவன்தான் போட்டான் என்று முடிவு.

ஏன் அந்தப் பிள்ளை சொல்லவில்லை? போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

12.7.2025, சனி

அஜித் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போய்விட்டான். மேனேஜரிடம் போனில், "எங்கம்மா சாப்புடல சார்" என்றானாம். செட்டியார் வீட்டுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

13.7.2025, ஞாயிறு

உலையில் புது ஆள். அலமாரியில் புதுச் சீட்டுகள். நான் ஞாபகத்தில் எடுக்கிறேன், தப்பில்லை. பதினொரு வருடம் இந்த வளாகத்துக்குள் வந்த ஒவ்வொருவரையும் என்னால் சொல்ல முடியும். யாருக்கு யார் கொள்ளி வைத்தது, யார் சண்டை போட்டது, யார் வராமலே போனது. இவ்வளவும் தெரிந்த மண்டைக்கு அ எது ஆ எது என்று தெரியாது. தெரியாது என்று சொல்ல மட்டும் இவ்வளவு நாள் ஏன்டா வாய் வரல, கெழட்டுப் பயலே?

16.7.2025, புதன்

சொல்லிவிட்டேன்.

மேனேஜர் முதலில் சிரித்தார். "அடைக்கலம், சேவுகனைக் காப்பாத்தறதுக்குச் சொல்றீங்க." தகட்டை நான்தான் போட்டேன் என்றேன். சீட்டை மென்றதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"படிக்கத் தெரியாதா? கையெழுத்துப் போடுறீங்க?"

"அது படம் சார். போடப் பழகிக்கிட்டேன்."

மேனேஜர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "சரி, நடந்தத ஒங்க கைப்பட எழுதிக் குடுங்க."

"அதான் சார் தெரியாதுங்கிறேன்."

அவரே எழுதினார். வாசித்துக் காட்டினார். பெயர்ப் படத்தைப் போடச் சொன்னார். நான் கட்டைவிரலை நீட்டினேன். ரேகைக்கு மை ஆபீஸில் இல்லை. பேனாவைத் தேய்த்து வைத்தோம்.

சாயங்காலம் சேவுகன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினான். "ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சீட்டப் படிச்சுச் சொல்லிருக்கமாட்டேனா? ஒங்களுக்கு வெக்கம், எனக்குத் திருட்டுப் பட்டம்." உள்ளே தேவிப்ரியா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஏதோ வேலையாம். அவளிடம், நாளையே மேனேஜர் கூப்பிடுவார் என்றேன்.

"வேணாம் தாத்தா. எனக்கும் அதப் பாக்கப் புடிக்கல. பாக்கப்போறது யாருன்னு நான் ஒரு தடவ கேட்டிருந்தா நாலுன்னு ஒரே வரி. எழுதியிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

18.7.2025, வெள்ளி

மேனேஜர் ராமுக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கும்படி வைத்தார். நடந்ததை விளக்கினார். பிறகு ராம் சொன்னார்: "நாங்க எல்லாம் முடிச்சுட்டம் சார். கவுத்தப்ப ஏதோ இரும்பு விழுந்துச்சு, உலையிலருந்து வந்ததுன்னு நெனச்சம். ரெண்டாந்தரம் எங்க அண்ணன் வரமாட்டாக. எங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாக. அத நீங்களே எங்கயாவது நல்லபடியாக் கரைச்சிருங்க." வைத்துவிட்டார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, அந்தக் கறம்பக்குடி அம்மாவின் நம்பர் கேட்டார்.

சேவுகன் திங்கள்கிழமை முதல் உலைக்கு வரலாம். எனக்கு இன்றோடு கடைசி.

21.7.2025, திங்கள்

கறம்பக்குடி பஸ் ஏறி, இறங்கி, விசாரித்து, முத்துமாரியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் எக்ஸ்ரே. மேனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொன்னேன், தகடு உட்பட. செல்வராணி, "ஒங்கள வெட்டிப் போட்டாலும் தகும்" என்றாள். அந்த அம்மா உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

நான் எழுந்தபோது மட்டும் பேசினார். "எனக்கும் படிக்கத் தெரியாது. நான் யாரு சாம்பலையும் தூக்கி யாருக்கும் குடுக்கல."

கொஞ்ச நேரம் கழித்து: "செட்டியாரு கலயம் எங்க இருக்கு?"

"மேனேஜர் ரூம்ல இருக்கு தாயி."

"அமாவாசைக் கூட்டம் கழியட்டும். அத எடுத்துக்கிட்டு வா. இராமேஸ்வரம் போகணும்."

29.7.2025, செவ்வாய்

நேற்று போய் வந்தோம். முத்துமாரியம்மாளும் செல்வராணியும் முன் இருக்கையில். நான் கடைசி வரிசையில், கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு. காரைக்குடியில் பஸ் நின்றபோது செல்வராணி மூன்று டீ வாங்கினாள். ஒன்றை என் பக்கம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

கடற்கரையில் செல்வராணி போனை எடுத்தாள். ராம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கலயத்தைக் கவிழ்க்கும் போட்டோ. தலை மழித்திருந்தார், ஈர வேட்டி. அந்த அம்மா போனை வாங்கி வெயில் படாமல் முந்தானையால் மறைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். போட்டோவில் தெரிந்த படகுகளை வைத்து, இங்கிட்டு இல்லை, இன்னும் அங்கிட்டு என்று மகளை நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மொட்ட அடிச்சு, நல்லா முழுகித்தான் கரைச்சிருக்கான்" என்றார். மகளிடம்தான் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இவருக்குப் பிள்ளைங்க வரல. நீ எறங்கு."

இறங்கினேன். ஆபரேஷன் செய்த கண்ணில் உப்பு எரிந்தது. செட்டியாரைக் கரைத்தேன். மூன்று முறை முழுகச் சொன்னார், கரையிலிருந்து ஒவ்வொன்றையும் எண்ணினார். இரண்டாவதில் மூச்சு முட்டி எழுந்தேன். "இன்னும் ஒண்ணு" என்றார்.

மூன்றாவதும் முழுகி எழுந்து பார்த்தபோது கரையில் அவர்கள் இல்லை. பஸ் நிற்கும் பக்கமாக இருவரும் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பஸ்ஸில் நான் வந்தேன்.